தொட்டால் கதை நகர வேண்டும்: பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைச் செயலியும் மின்னூலும் செய்ய ஒரு முழு வழிகாட்டி

கொழும்பில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் தமிழை நன்றாகப் பேசுவார்கள். கதை சொன்னால் வாய் பிளந்து கேட்பார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்னால்தான் திணறுவார்கள். பாடசாலையில் ஆங்கிலம், தெருவில் சிங்களம், கையில் அம்மாவின் போன். அந்தப் போனில் ஆங்கிலக் கதைகள் கொட்டிக் கிடக்கின்றன. தமிழில், அதுவும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அவர்கள் காதில் விழும் தமிழில், தேடித்தான் பிடிக்க வேண்டும். கதை சொல்லத் தெரிந்த ஒருவரும் படம் வரையத் தெரிந்த ஒருவரும் சேர்ந்தால், வீட்டில் இருக்கும் ஒரு கணினியை வைத்தே இந்த இடத்தைக் கொஞ்சமாவது நிரப்பலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொட்டவுடன் குரங்கு குதிப்பது, பூ சிரிப்பது, பலூன் வெடிப்பது எல்லாம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கதையைக் கொன்றுவிடும். 2015இல் டகாக்ஸ், ஸ்வார்ட், பஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள், மின்திரைக் கதைப்புத்தகங்களைப் பற்றிய 43 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். கதையோடு ஒட்டிவரும் அசைவும் ஒலியும் பிள்ளை கதையைப் புரிந்துகொள்ள உதவுகின்றன. கதைக்கு வெளியே இழுக்கும் விளையாட்டும் தொடுபுள்ளியும் கவனத்தைக் கெடுக்கின்றன என்பதே அவர்கள் கண்டது. வாசிக்கத் திணறும் நம் பிள்ளைக்கு இது இன்னும் பொருந்தும். அவருக்கு முதலில் வேண்டியது, தெரிந்த ஒரு குரல் வாசிக்க, வாசிக்கும் சொல் திரையில் நிறம் மாறுவது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

மின்னூலா, செயலியா?

கதையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பிள்ளை கையால் ஏதாவது செய்தால்தான் இந்தக் கதை அடுத்த பக்கத்துக்குப் போகுமா? இல்லை என்றால் குரலோடு கூடிய மின்னூல் போதும். ஆம் என்றால் செயலி. பத்தில் எட்டுக் கதைக்கு மின்னூலே போதும் என்பது என் எண்ணம். செலவு குறைவு, வருடா வருடம் பராமரிக்கும் தொல்லையும் இல்லை.

கையில் கதையே இல்லாதவர்கள், பிரதம் புக்ஸ் என்ற இந்தியப் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தொடங்கலாம். 2015இல் ஆரம்பித்த அந்தத் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய உண்டு. பெரும்பாலானவை கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி பிஒய் 4.0 உரிமத்தில் வருகின்றன. எழுதியவர், வரைந்தவர், பதிப்பகம், உரிமம் எல்லாவற்றையும் குறிப்பிட்டு, நீங்கள் செய்த மாற்றத்தையும் சொல்லிவிட்டால், இங்குள்ள தமிழுக்கு மாற்றிக் குரல் சேர்த்து வெளியிடலாம். விற்கவும் தடையில்லை. ஒவ்வொரு கதையின் கடைசிப் பக்கத்திலும் உரிமம் போட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கதையைப் பக்கமாகப் பிரித்தல்

ஓர் உதாரணத்தோடு போவோம். மதி என்ற சிறுமி காலிமுகத்திடலில் பட்டம் விடுகிறாள். பட்டம் ஏறாமல் சுற்றிச் சுற்றி விழுகிறது. வால் இல்லாததுதான் காரணம். அப்பம்மாவின் பழைய சேலைக் கிழிசலை வாலாகக் கட்டியதும் பட்டம் ஏறுகிறது. ஐந்து வயதுக்கு 12 பக்கம், பக்கத்துக்கு இரண்டு மூன்று சின்ன வாக்கியம். அவ்வளவுதான் கதை.

ஒரு கொப்பியை எடுத்து, பக்கத்துக்கு ஒரு தாள் என ஒதுக்குங்கள். எழுத்து, படம், ஒலி, தொடுகை என்று நான்கு கட்டம். பெரும்பாலான பக்கங்களில் தொடுகைக் கட்டம் காலியாக இருக்கட்டும். ஏழாம் பக்கம் மட்டும் இப்படி வரும்:

எழுத்து: "அப்பம்மா சேலைத் துண்டுகள் தந்தார். மதி அவற்றை வாலாகக் கட்டினாள்."

படம்: இடப்பக்கம் பட்டம் தாழ்வாகச் சுற்றுகிறது. வலப்பக்கம் அப்பம்மாவின் மடியில் ஆறு துணித்துண்டுகள்.

ஒலி: கடற்காற்று, மெல்லியதாக. வாக்கியம் முடியும்வரை காற்றின் சத்தம் தாழ்ந்தே இருக்க வேண்டும்.

தொடுகை: துண்டை இழுத்துப் பட்டத்தின் அடியில் விட்டால் முடிச்சு விழும். ஒரு துண்டு கட்டினால் சுற்றல் குறையும், நிற்காது. மூன்று கட்டினால் பட்டம் நேராக நிமிர்ந்து மேலே போகும். ஆறும் கட்டினால் கனம் தாங்காமல் புல்லில் இழுபடும். துண்டைத் திரும்ப எடுக்கவும் முடியும். தவறு என்று சொல்லும் சத்தம் எதுவும் கிடையாது. கொஞ்ச நேரம் பிள்ளை ஒன்றும் செய்யாமல் இருந்தால் ஒரு துண்டு காற்றில் லேசாகப் படபடக்கும்.

பிள்ளை இங்கே கண்டுபிடிப்பது உண்மையான பட்டத்திலும் நடப்பது. வால் காற்றில் இழுபட்டுப் பட்டத்தை நேராக நிறுத்துகிறது, கனம் கூடினால் ஏறவிடாது. பிள்ளையின் விரல் செய்வதும் மதி செய்வதும் ஒன்றாக இருப்பதால் கதை அறுபடுவதில்லை. ஒரு கதையில் இப்படி ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம் போதும்.

எழுத்து நடையில் ஒரு வார்த்தை. கதையை எளிய எழுத்துத் தமிழில் எழுதுங்கள், உரையாடலைப் பேச்சில் விடுங்கள். குரல் கொடுப்பவர் எழுதியிருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும். திரையில் "வந்தார்கள்" என்றிருக்க, காதில் "வந்தாங்க" என்று விழுந்தால், சொல்லை நிறம் மாற்றிக் காட்டுவதன் பயனே போய்விடும்.

தமிழ் எழுத்து உடையும் இடங்கள்

பிற மொழி வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது, ஆனால் தமிழில் வேலை மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

இலங்கையில் இன்றும் பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். அச்சுக்குக் கொடுத்த பழைய கோப்புகளும் பாமினியில்தான் இருக்கும். மின்னூலுக்கும் செயலிக்கும் அது உதவாது. முதல் வேலையாக எல்லாவற்றையும், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருவர் உட்கார்ந்து வரிவரியாக வாசித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, குறிகளைச் சரியான எழுத்தாகக் கோப்பது. கணினி "கொ" என்ற எழுத்தைச் சேமிக்கும்போது மெய்யை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னாலும் வைக்கிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து சரியாக வரைவது மென்பொருளின் பொறுப்பு. அதைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்தி அமைப்பை வேர்ல்ட் ரெடி கம்போசருக்கு மாற்றினால் சரியாகும். விளையாட்டுச் செயலிகள் செய்யும் மென்பொருளான விளையாட்டு எஞ்சின்களில் கவனம் தேவை: யூனிட்டியின் டெக்ஸ்ட் மெஷ் ப்ரோ தமிழை இப்படிக் கோப்பதில்லை, 2023இல் வந்த கோடோ 4 கோக்கிறது. குரோம், சஃபாரி போன்ற உலாவிகளில் இந்தப் பிரச்சினை இல்லை. எந்தக் கருவியை எடுத்தாலும் முதல் நாளே இந்த வாக்கியத்தை ஒட்டிப் பாருங்கள்: "ஸ்ரீதேவி பெரியம்மா கொய்யா வாங்கக் கொழும்பு போனார், கௌரியும் போனாள்." இது சரியாகத் தெரிந்தால் மேலே போகலாம். தெரியாவிட்டால் வேறு கருவி. சிலர் எழுத்தைப் படமாக்கி ஒட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சொல்லை நிறம் மாற்றவும் முடியாது, பெரிதாக்கவும் முடியாது, நாளைக்கு ஒரு பிழை திருத்தவும் முடியாது.

எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்றும் அசைவு வைக்க ஆசைப்பட்டால் இன்னொரு சிக்கல் வரும். கணினிக்கு "க்" என்பது இரண்டு குறி, "கொ" என்பதும் குறைந்தது இரண்டு. குறி குறியாகக் காட்டினால் "பட்டம்" திரையில் "ப, பட, பட்" என்று வளரும், நடுவில் ஒரு கணம் "பட்ட" வந்து, கடைசியில் மகரத்தின் புள்ளி தனியாக வந்து ஒட்டும். எழுதப் பழகும் பிள்ளைக்கு முன் அப்படிக் காட்டக்கூடாது. வலைப்பக்க நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்ட்ல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற வசதி முழு எழுத்துகளாகப் பிரித்துத் தரும். அதைவிட, சொல் சொல்லாகக் காட்டுவது வேலையும் குறைவு, வாசிப்புக்கும் நல்லது.

எழுத்துருவுக்கு பலூ தம்பி 2, கேடமரன், முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவற்றைப் பாருங்கள். நான்கும் திறந்த உரிமத்தில் கூகுள் எழுத்துருத் தளத்தில் இலவசம். பலூ தம்பி உருண்டையாக, தலைப்புக்கு அழகாக இருக்கும். நீண்ட வாக்கியத்துக்கு முக்த மலர் தெளிவு. எழுத்துருக் கோப்பைப் புத்தகத்துக்குள்ளேயே பதித்துவிடுங்கள். வரி இடைவெளி எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்குக் குறையக்கூடாது. தமிழ்ச் சொல் நீளமானது, ஆகவே இருபுறமும் சமன் செய்யாமல் இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்துங்கள்.

குரல்

இயந்திரக் குரல் இப்போது தமிழிலும் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேவையான அஸ்யூரில் இலங்கைத் தமிழுக்கென்றே இரண்டு குரல்கள் இருக்கின்றன. வரைவு நிலையில் பக்கம் எவ்வளவு நேரம் போகும் என்று பார்க்க அவற்றைப் பயன்படுத்தலாம். இறுதிப் பதிப்புக்கு மனிதர்தான் வாசிக்க வேண்டும். ஓர் அம்மம்மாவோ முன்பள்ளி ஆசிரியையோ வாசித்தால் "மதீ, அங்க பார்!" என்பதில் வரும் இழுப்பு வேறு எதிலும் வராது.

கொழும்பின் காலி வீதிக்கும் கடற்கரை ரயில் பாதைக்கும் நடுவில் வீடு இருந்தால் பகலில் பதிவு செய்யவே முடியாது. பஸ் ஹோர்ன், ரயில், காகம். இரவு பத்து மணிக்குப் பிறகு, உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்து வாசியுங்கள். துணி எதிரொலியை விழுங்கிவிடும். மின்விசிறியைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். வெக்கைதான், ஆனால் அந்த உறுமலைப் பிறகு சுத்தமாக எடுப்பது கடினம். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஐந்து விநாடி பேசாமல் இருங்கள். ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க அந்த வெற்று ஒலிதான் மாதிரி. ஒற்றைத் தடமாக, 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, கடைசியில் எம்பி3 ஆக மாற்றினால் போதும்.

இனிச் சொல்லும் ஒலியும் ஒட்டும் வேலை. ஓடாசிட்டியில் ஒரு சொல்லின் ஒலியைத் தெரிவு செய்து, கண்ட்ரோல் விசையோடு பி (B) விசையை அழுத்தினால் ஒரு லேபல் விழும். அதில் அந்தச் சொல்லை எழுதுங்கள். பக்கம் முடிந்ததும் லேபல்களை எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்தால், வரிசையாக இப்படி வரும்: 0.42, 0.98, காற்று, 1.05, 1.61, வந்தது. தொடக்க நேரம், முடிவு நேரம், சொல். மின்னூலானாலும் செயலியானாலும் இந்த மூன்றும்தான் தேவை. 12 பக்கக் கதைக்கு ஒரு மாலை வேளை பிடிக்கும். பொறுமையாகச் செய்யுங்கள், சொல் கொஞ்சம் பிந்தி ஒளிர்ந்தாலும் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

படம்

பெரும்பாலான வீடுகளில் திரை என்பது பெற்றோரின் அன்ட்ரொய்ட் போன். அது ஒடுங்கி நீண்டது, டேப்லெட் அகன்றது. முக்கியமான உருவங்களை நடுவில் வைத்து, இரு ஓரங்களிலும் வானத்தையும் புல்லையும் கூடுதலாக வரைந்தால் இரண்டிலும் பொருந்தும். அசையப்போகும் ஒவ்வொன்றையும் தனி அடுக்கில், பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக வாங்குங்கள். முழுப் படத்தை ஒரே அடுக்கில் வாங்கிவிட்டு, பட்டத்தை மட்டும் வெட்டி எடுக்கப் போனால் ஓவியருக்கு இரட்டை வேலை.

அன்ட்ரொய்ட் வழிகாட்டலின்படி ஒரு பொத்தான் குறைந்தது 9 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கு அதை இரட்டிப்பாக்குங்கள். போனைப் பிடிக்கும்போது பெருவிரல் தங்கும் கீழ் மூலைகளில் எந்தப் பொத்தானும் வேண்டாம்.

மின்னூலைக் கட்டுதல்

நிரல் தெரியாதவர்களுக்கு எஸ்ஐஎல் நிறுவனத்தின் புளூம் என்ற இலவச மென்பொருளைத்தான் சொல்வேன். படத்தை வைத்து, எழுத்தைத் தட்டி, மைக்கில் பேசினால் வாசிக்கும்போது வாக்கியம் வாக்கியமாக நிறம் மாறும் புத்தகம் தயார். அதை ஈபப் மின்னூலாகவும் எடுக்கலாம், புளூம் ரீடர் செயலியில் திறக்கும் கோப்பாகவும் எடுக்கலாம். அதே நிறுவனத்தின் ரீடிங் ஆப் பில்டர், புத்தகத்தைத் தனி அன்ட்ரொய்ட் செயலியாகவே ஆக்கித் தரும்.

சொல்லுக்குச் சொல் நிறம் மாற வேண்டும் என்றால் ஈபப் 3ஐக் கையாலேயே கட்டலாம். ஈபப் என்பது எச்டிஎம்எல் பக்கங்களும் படங்களும் அடங்கிய ஒரு சிப் கோப்புத்தான். நிலையான பக்க அமைப்பைத் தேர்ந்தெடுங்கள், அப்போதுதான் படமும் எழுத்தும் இடம் மாறாது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடையாளம் கொடுத்து, எஸ்எம்ஐஎல் என்ற கோப்பில் அந்த அடையாளத்தையும் லேபலின் இரு நேரங்களையும் இணைக்க வேண்டும். சிகில் என்ற இலவசத் தொகுப்பானில் இதைச் செய்யலாம். முடித்ததும் ஈபப்செக்கில் போட்டுப் பிழை பாருங்கள். தோரியம் ரீடரிலும் அப்பிள் புக்ஸிலும் குரலோடு திறந்து பாருங்கள்.

எல்லா வாசிப்புச் செயலியும் குரலை ஆதரிப்பதில்லை. அமேசானின் சுயபதிப்புச் சேவையான கேடிபி தமிழ் மின்னூலை ஏற்கிறது, ஆனால் அங்கே எழுத்தும் படமும் மட்டும்தான் போகும். ஆகவே குரல் இல்லாமலும் கதை நிற்க வேண்டும்.

செயலியைக் கட்டுதல்

பட்டக் கதை மாதிரி ஒன்றிரண்டு பக்கம் மட்டும் தொடுகை கேட்கும் கதைக்கு, சாதாரண வலைப்பக்கமாகவே எழுதி, கப்பாசிட்டர் என்ற திறந்த மூலக் கருவியால் செயலியாகச் சுற்றிவிடுவது எளிய வழி. தமிழ் சரியாகத் தெரியும், அதே பக்கத்தை உலாவியிலும் காட்டலாம். உலாவிகள் பயனர் ஒருமுறை தொடும்வரை ஒலியை விடமாட்டா. எனவே அட்டைப் பக்கத்தில் "கதை கேட்போம்" என்று ஒரு பெரிய பொத்தான் வையுங்கள். அசைவு கூடுதலாக வேண்டுமென்றால் கோடோ.

எழுத்து, குரல், நேரப் பட்டியல் மூன்றையும் நிரலுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் வையுங்கள். நாளைக்கு அதே படத்தோடு சிங்களப் பதிப்பு ஒன்று செய்ய நினைத்தால் அந்தக் கோப்பை மாற்றினால் போதும். கொழும்பில் இது வெறும் ஆசை இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையும் கேட்பார்.

எல்லாம் இணையம் இல்லாமல் ஓட வேண்டும். டேட்டா போட்டுத்தான் பாவிக்கிறார்கள், கதை நடுவில் டேட்டா தீர்ந்தால் பிள்ளைக்கு அது விளங்காது. மொத்த அளவை 50 மெகாபைட்டுக்குள் அடக்கப் பாருங்கள். படங்களைக் கோப்பின் அளவைச் சுருக்கும் வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றினாலே பாதி பிரச்சினை தீரும்.

பிள்ளையிடம் கொடுத்துப் பார்த்தல்

அறநெறிப் பாடசாலை ஆசிரியரையோ முன்பள்ளி ஆசிரியையையோ கேளுங்கள். பெற்றோரின் சம்மதத்தோடு ஐந்தாறு பிள்ளைகள் போதும். போனைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கடினம். "அங்கே அமத்து" என்று சொன்னால் சோதனை முடிந்தது. விரல் முதலில் எங்கே போகிறது, எந்தப் பக்கத்தில் வேகமாகத் தட்டிக்கொண்டே போகிறார், எந்தச் சொல்லைக் குரலோடு சேர்ந்து சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் போனை வாங்கி வைத்துவிட்டு, "மதிக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். பட்டம் ஏன் ஏறியது என்பதைப் பிள்ளை தன் வாயால் சொன்னால் உங்கள் வேலை பலித்தது. துணித்துண்டை இழுத்ததை மட்டும் சொன்னால் ஏழாம் பக்கத்தைத் திருத்துங்கள்.

உரிமை, இலக்கம், கடை

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைப்பு உருவான கணமே பதிப்புரிமை வந்துவிடுகிறது, படைப்பாளி இறந்து 70 ஆண்டு வரை இருக்கும். பதிவு தேவையில்லை. ஆனால் ஓவியரோடும் குரல் கொடுப்பவரோடும் எழுத்தில் ஓர் உடன்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: செயலி, மின்னூல், அச்சு, மொழிபெயர்ப்பு நான்கையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு. நண்பர்களுக்குள் என்றால் இன்னும் அவசியம்.

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் இலக்கத்தைக் கொழும்பு 7, சுதந்திர மாவத்தையில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. அச்சுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி இலக்கம்.

கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒருமுறை 25 அமெரிக்க டொலர். அப்பிளில் வருடத்துக்கு 99 டொலர். கூகுளில் தொடங்குங்கள். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். சொந்தக்காரர், நண்பர் என்று அந்தப் பன்னிரண்டு பேரை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள், நடுவில் ஆட்கள் விலகினால் இழுபடும்.

பிள்ளைகளுக்கான செயலிக்குக் கூகுளின் குடும்பக் கொள்கையும், அப்பிளின் சிறுவர் பிரிவு விதிகளும் பொருந்தும். இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே நல்ல பதில், பிள்ளையிடமிருந்து எதையும் சேகரிக்காமல் இருப்பது. பெயர் வேண்டாம், கணக்கு வேண்டாம், இடம் வேண்டாம், விளம்பரம் வேண்டவே வேண்டாம். அப்போது தனியுரிமைப் பக்கமும் நான்கு வரியில் முடிந்துவிடும். வெளி இணைப்பு ஏதும் இருந்தால் பெரியவர் மட்டும் திறக்கக்கூடிய ஒரு பூட்டுக்குப் பின்னால் வையுங்கள்.

வெளிவந்த பிறகு

கூகுள் ஒவ்வொரு வருடமும் செயலிகளைப் புதிய அன்ட்ரொய்ட் பதிப்புக்கு ஏற்பப் புதுப்பிக்கச் சொல்லும். செய்யாமல் விட்டால் புதுப் போன் வாங்கியவர்களுக்குச் செயலி கண்ணில் படாமலே போகும். வருடத்தில் ஒரு வார இறுதியை இதற்கென ஒதுக்கி வையுங்கள். செயலி உங்களுடையதுதான் என்று காட்டும் கையெழுத்துச் சாவிக் கோப்பு, ஓவிய அடுக்குகள், வெட்டாத ஒலிப்பதிவு, லேபல் கோப்பு ஆகிய நான்கையும் இரண்டு இடங்களில் சேமியுங்கள். மின்னூலை மட்டும் செய்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எழுத்துப் பிழை கண்டால் திருத்திய கோப்பை மறுபடி ஏற்றிவிட்டு அடுத்த கதைக்குப் போகலாம்.